தொண்ணூற்றிரண்டாம் அத்தியாயம்

துறைமுகத்தில் எனக்கு வேலை
பெட்டிகளுக்குள் இருப்பவற்றுக்குப் பெயர் எழுதுவது.
சுங்கப் பட்டியலில் இசைக்கருவிகள்
தொண்ணூற்றிரண்டாம் அத்தியாயம்.
கரண்ட் இருந்தால்தான் வாய் திறப்பவைக்கு
அதற்குள்ளே தனி இலக்கம்.

போன மாசி இந்தோனேசியாவிலிருந்து
நாற்பது கித்தார் வந்தன.
நாற்பதும் ஒரே நீலம்.
ஒவ்வொன்றின் கழுத்தருகிலும்
ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம்,
தின்ன வேண்டாம் என்று ஐந்து மொழிகளில்.
தமிழ் இல்லை.
தின்னாமல் ஒன்றை வாங்கினேன், தவணைக்கு.

நல்ல பிள்ளை.
விட்ட சுருதியில் நிற்கும்.
வெள்ளவத்தை மண்டபத்தில்
ஏசி ஒரு மூலையில் உறைய வைத்து
மறு மூலையில் வேர்க்க வைத்தாலும்
ஆறு கம்பியும் அசையாது.
எத்தனை கல்யாண வரவேற்பு!
ஒரு தரமும் என்னை வெட்கப்படுத்தவில்லை.
குறை சொல்லத்தான் வேண்டுமென்றால்
அதைத்தான் சொல்வேன்.

மற்றது
கொட்டாஞ்சேனையில், டெல்மா கந்தப்பாவின்
அலுமாரிக்கு மேலே,
பழைய திரைச்சீலை சுற்றிக் கிடந்தது.
யப்பானில் செய்தது. அறுபத்தெட்டு என்றாள்.
மெல்பேர்ன் போன தம்பியுடையதாம்;
அவன் அதைக் கேட்கவும் இல்லை,
வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.
நாலு லட்சம்.
'விண்டேஜ்' என்ற சொல்லை
போன கிழமைதான் வாங்கி வந்தவள் மாதிரி
கவனமாக வெளியே எடுத்து வைத்தாள்.

சிவப்பு என்று சொன்னார்கள்.
நான் கண்டது கருவாட்டு நிறம்.
கடற்காற்று ஆணித் தலைகளைத் தின்றிருந்தது.
கழுத்து,
பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோளில் தூங்குகிறவன் மாதிரி
கொஞ்சம் சாய்வு.
வயரைச் செருகினால்
பிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் கூடவே உறுமியது.
ஆனால்
இரண்டாம் கம்பியை வளைத்துப் பிடித்தேன்:
சத்தம் உடனே வரவில்லை.
யோசித்தது. பிறகு வந்தது,
காலையில் முகம் கழுவ முன்னமே
உண்மை பேசுகிறவன் குரலில்.

ஓர் இரவுக்குக் கடனாகக் கேட்டேன்.
அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு தந்தாள்.

இம்தியாஸ் டிரம் அடிப்பவன்,
ஆகவே கித்தாரைப் பற்றி எல்லாம் தெரிந்தவன்.
மரம் காய வேண்டும் மச்சான்,
காந்தம் களைக்க வேண்டும்,
அப்போதுதான் சத்தத்துக்குச் சதை பிடிக்கும் என்றான்.
அவன் சொல்லி முடிக்க முன்னம்
இடி. கரண்ட் போனது.
தெரு முழுக்க ஜெனரேட்டர்கள்
ஒன்றையொன்று கூப்பிட்டன.
எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இல்லை.

இருட்டில் இரண்டையும் மாறி மாறி மீட்டினேன்.
கரண்ட் இல்லாத மின் கித்தார்
போத்தலுக்குள் அகப்பட்ட நுளம்பு.
இது பழசு, என்றான் இம்தியாஸ்.
அது நீலம்.
இதுதான், இதுதான், என்றான்.
அதுவும் நீலம்.
மூன்றாம் தரம் சரியாகச் சொன்னான்.
அதை மட்டும் இப்போதும் ஊருக்குச் சொல்லித் திரிகிறான்.

என் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.
துரு குத்தும்.

போன் வெளிச்சத்தில் பழசின் பெட்டியைத் துழாவினேன்.
வெல்வெட்டுக்கு அடியில்
நாலாய் மடித்த சுங்கக் கடதாசி.
என் மேசைக்கு முன்பிருந்த ஏதோ மேசையில்
எவனோ ஒரு கிளார்க்
டைப் அடித்திருந்தான்:
விளையாட்டுச் சாமான். ஒன்று.
பெறுமதி பதினெட்டு ரூபாய்.

பொய்தான்.
என்ன அழகான பொய்!
வரிக்குத் தப்பி
பொம்மையாக இறங்கியிருக்கிறது இந்த மகாராசா.
இந்த ஊரில் எந்தக் கித்தார் முளைத்தது?
இரண்டும் கப்பலில் வந்தவை.
ஒன்று முந்தின கப்பல்.

கரண்ட் வந்தது.
பிரிட்ஜுக்கு முன்னம் பழசு உறுமியது,
தன்னைத்தான் கூப்பிட்டதாக நினைத்து.

காலையில் திருப்பிக் கொடுத்தேன்.
மூன்றரைக்குத் தரலாம் என்றாள்.
என்னிடம் மூன்றரையும் இல்லை,
அந்த அரையும் இல்லை.
கடதாசியை மட்டும் கேட்டேன்.
அது சும்மா குப்பை, கொண்டு போங்கோ, என்றாள்
அடையாள அட்டையை நீட்டியபடி.

நீலத்தின் பைக்குள்
தின்னக் கூடாத பொட்டலத்துக்குப் பக்கத்தில்
வைத்திருக்கிறேன்.
சனிக்கிழமை தெஹிவளையில் கல்யாணம்.